குச்சி மனிதன் ஏன் அழவைக்கிறான்?

தலைக்கு ஒரு வட்டம், கண்ணுக்கு இரண்டு புள்ளி, வாய்க்கு ஒரு கோடு, கை கால்களுக்குச் சில குச்சிகள், மேலே ஒரு தொப்பி. பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எந்தப் பிள்ளையும் வரைந்துவிடக்கூடிய உருவம் இது. அமெரிக்க இயக்குநர் டான் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் வரைந்த இந்த உருவத்தின் பெயர் பில். 'இட்ஸ் சச் எ பியூட்டிஃபுல் டே' என்ற 62 நிமிடப் படம் முழுவதும் இவன்தான் வருகிறான். மூளையில் ஏதோ கோளாறு, நினைவு கழன்றுகொண்டே போகிறது, எது நிஜம் எது தோற்றம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. படம் முடியும்போது பார்வையாளர்கள் பலர் கண்ணீரோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தப் படத்தைப் பற்றிக் கேள்விப்படும் எவருக்கும் முதலில் வருவது குழப்பம். சிறந்த நடிகர்கள் உயிரைக் கொடுத்து நடித்த மனநோய்க் கதைகளே சில நேரம் நம்மைத் தொடாமல் போகின்றன. முகபாவமே இல்லாத ஒரு குச்சி மனிதன் எப்படித் தொடுகிறான்? விடை தேட அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

மினிமலிசம்: எதைக் குறைப்பது?

மினிமலிசம் என்றால் குறைந்த செலவில் எடுப்பது என்றோ, வரையத் தெரியாதவர் வரைந்தது என்றோ பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சேர்க்க முடிந்த ஒன்றைத் தெரிந்தே சேர்க்காமல் விடுவதுதான் அது. அனிமேஷனில் இந்தக் குறைப்பு மூன்று இடங்களில் நடக்கலாம்.

1. வடிவத்தில். முகச் சுருக்கம், விரல், துணியின் மடிப்பு, நிழல், வண்ணம் எதுவும் இல்லை. கோடு மட்டும். அனிமேஷனுக்கு இது புதிதும் இல்லை. பிரான்ஸில் எமில் கோல் 1908இல் செய்த 'ஃபாண்டாஸ்மகோரி', உலகின் ஆரம்பகால அனிமேஷன் படங்களில் ஒன்று. அதிலும் இருண்ட திரையில் வெள்ளைக் கோட்டு மனிதர்கள்தான்.

2. அசைவில். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 நிலைப்படங்கள். அனிமேஷனில் ஒரே படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படம் வரைந்தால் போதும். தொலைக்காட்சித் தொடர்களில் செலவை மிச்சம் பிடிக்க வாயை மட்டும் அசைப்பார்கள். நாம் இங்கே எடுத்துக்கொண்ட படங்களில் உருவம் அசையாமல் நிற்பது வேறு காரணத்துக்காக. அந்த மனிதன் உண்மையிலேயே அசைய முடியாமல் நிற்கிறான்.

3. விளக்கத்தில். நோய்க்கு என்ன பெயர், எதனால் வந்தது, எந்த மருந்து என்று படம் சொல்வதில்லை. மனநோயைப் பொறுத்தவரை மூன்றிலும் முக்கியமானது இதுதான். பில்லுக்கு என்ன நோய் என்பது கடைசிவரை நமக்குச் சொல்லப்படுவதே இல்லை.

இரண்டு முக்கோணமும் ஒரு வட்டமும்

1944இல் அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் ஹைடர், மேரியான் சிம்மெல் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதற்காக அவர்கள் செய்த குட்டிப் படத்தில் ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு சின்ன வட்டம், ஒரு பகுதி கதவு போலத் திறந்து மூடும் ஒரு செவ்வகம், இவ்வளவுதான். வடிவங்கள் நகர்கின்றன, இடித்துக்கொள்கின்றன, உள்ளே போகின்றன, வெளியே வருகின்றன. என்ன பார்த்தீர்கள் என்று 34 மாணவிகளிடம் கேட்டபோது, ஒரே ஒருவர்தான் 'முக்கோணம் நகர்ந்தது' என்கிற மாதிரி வடிவங்களாகவே சொன்னார். மற்ற எல்லோருக்கும் அவை உயிருள்ளவை. பெரியவன் முரடன், சின்னவன் தைரியசாலி, வட்டம் பயந்த பெண் என்று ஒரு கதையே ஓடியது.

அந்தப் படத்தில் முகமும் இல்லை, குரலும் இல்லை. நகர்வு மட்டுமே இருந்தது. நகர்வைக் கண்டதும் அதற்குள் ஒரு மனம் இருப்பதாக எடுத்துக்கொள்வது நம் மூளையின் வேலை. யாரும் கேட்காமலே அது அதைச் செய்துவிடுகிறது.

இதோடு இன்னொரு கருத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். காமிக்ஸ் எப்படி இயங்குகிறது என்று 1993இல் காமிக்ஸ் வடிவத்திலேயே நூல் எழுதிய ஸ்காட் மெக்ளவுட் சொன்னது: ஒரு முகத்தை நுணுக்கமாக வரைய வரைய அது 'வேறு யாரோ' ஆகிறது, எளிமையாக்க எளிமையாக்க அது 'நான்' ஆகிறது. புகைப்படம் போன்ற முகத்தில் நாம் பார்ப்பது ஒரு குறிப்பிட்ட ஆளை. இரண்டு புள்ளியும் ஒரு கோடுமான முகத்தில் நம்மையே ஏற்றிவைத்துவிடுகிறோம்.

தோல்பாவைக்கூத்து பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பாவையின் முகம் இம்மியும் மாறுவதில்லை. திரைக்குப் பின்னால் ஒரே கலைஞர் எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுக்கிறார். குரல் உடைந்தால் பாவை அழுவதாகவே நமக்குத் தெரிகிறது. அந்த அழுகையைப் பாவையின் முகத்தில் வரைந்தது நம் கண்தான்.

கேமராவுக்கு எட்டாத இடம்

சரி, இதெல்லாம் எந்த எளிய அனிமேஷனுக்கும் பொருந்துமே, மனநோய்க்கு மட்டும் என்ன தனிச்சிறப்பு என்று கேட்கலாம். இருக்கிறது.

கேமரா ஒருவரை வெளியிலிருந்து பார்க்கும் கருவி. அதனால்தான் நடிகர்களை வைத்து எடுக்கும் படங்களில் மனநோய் என்றால் பரட்டைத் தலை, வெறித்த பார்வை, காரணமில்லாத சிரிப்பு என்று வெளி அடையாளங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. நாம் தெருவில் நின்று வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுகிறோம். ஆனால் நோயின் பெரும்பகுதி உள்ளே நடக்கிறது. ஒரு மாலை நகராமல் நிற்பது, பழக்கப்பட்ட முகம் அந்நியமாவது, ஒரே எண்ணம் நூறு முறை சுற்றி வருவது, இவற்றை எந்த லென்ஸும் பிடிக்க முடியாது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் ஒருவருக்குத் தோன்றும் மாயக்காட்சியைக் காட்ட வேண்டுமானால் வண்ணத்தை மாற்றுவார்கள், பிம்பத்தை மங்கலாக்குவார்கள், கிராஃபிக்ஸ் சேர்ப்பார்கள். இது நிஜம், அது தோற்றம் என்று நமக்குத் தெளிவாகத் தெரிந்துவிடும். நோயாளிக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்துவிடுவதால் நாம் அவரைவிட ஒரு படி மேலே நிற்கிறோம். கோட்டுப் படத்தில் அந்த வசதி கிடையாது. பேருந்து நிறுத்தத்தை வரைந்த அதே பேனாதான் இல்லாத ஒன்றையும் வரைகிறது. கோட்டின் தடிப்பும் அதேதான், வெள்ளைத் தாளும் அதேதான். எதை நம்புவது என்று தெரியாமல் நாமும் தடுமாறுகிறோம். என் பார்வையில் இந்தப் படங்களின் வலிமைக்கு இதுதான் முதல் காரணம். முகத்தின் எளிமைகூட இதற்கு அடுத்ததுதான்.

ஆவணப்பட உலகம் இதை முன்பே கண்டுகொண்டது. 1992இல் டிம் வெப் இயக்கிய 'ஏ இஸ் ஃபார் ஆட்டிசம்' என்ற பிரிட்டிஷ் குறும்படத்தில் குரல்களும் சித்திரங்களும் ஆட்டிசம் உள்ளவர்களுடையவை. (ஆட்டிசம் மனநோய் அல்ல, மூளை வளர்ச்சி சார்ந்த வேறுபாடு. உள்ளிருந்து சொல்லும் முறைக்காக மட்டுமே இங்கே அந்தப் படம்.) உளவியல் பயின்ற ஆண்டி க்ளின் 2003இல் கொண்டுவந்த 'அனிமேட்டட் மைண்ட்ஸ்' தொடரில் மனநோயோடு வாழ்பவர்கள் தங்கள் சொந்தக் குரலில் பேசுகிறார்கள், படம் மட்டும் வரையப்பட்டது. பேசுபவரின் முகம் வெளியே தெரியாமல் பாதுகாப்பாக இருக்கிறது, அவர் உணர்ந்தது திரையில் தெரிகிறது. அனிமேஷன் ஆவணப்படங்களை ஆராய்ந்த அனபெல் ஹோனஸ் ரோ 2013இல் எழுதிய நூலில், கேமரா இல்லாத இடத்து நிகழ்வுக்கு மாற்றாக வரைவது ஒன்று, கேமராவால் ஒருபோதும் எடுக்க முடியாத அக அனுபவத்தை எழுப்புவது வேறொன்று என்று பிரித்துக் காட்டுகிறார். மனநோய்ப் படங்கள் இரண்டாவது வகை.

பில்லுக்கு என்ன ஆகிறது?

படம் மூன்று குறும்படங்களாக வளர்ந்தது. 2006இல் 'எவ்ரிதிங் வில் பி ஓகே', 2008இல் 'ஐ ஆம் ஸோ ப்ரௌட் ஆஃப் யூ', 2011இல் மூன்றாவது. 2012இல் மூன்றும் ஒன்றாக இணைந்து முழுப்படமாயின. முதல் பகுதிக்கு அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் 2007இல் குறும்படங்களுக்கான உயரிய நடுவர் பரிசு கிடைத்தது. (கதையின் முக்கியத் திருப்பங்கள் இனி வரும், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.)

தொடக்கம் மிகச் சாதாரணம். தெருவில் தெரிந்த முகம் ஒன்று எதிரே வருகிறது, பெயர் நினைவில்லை. இருவரும் ஏதோ குழறி வணக்கம் சொல்லிக் கடந்து போகிறார்கள். நம் எல்லோருக்கும் நடந்திருக்கும் சங்கடம். இந்த இடத்தில் பில்லை நோயாளி என்று யாரும் சொல்ல முடியாது, படமும் சொல்லவில்லை. நலமாக இருப்பவருக்கும் நோயுற்றவருக்கும் நடுவே சுவர் எழும்பாமல் முதல் நிமிடத்திலேயே படம் பார்த்துக்கொள்கிறது.

அப்புறம் சாவி. வீட்டுக்கு வந்து சாவியை மேடையில் போடுகிறான். அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். இதே இடத்தில் எத்தனை முறை சாவியைப் போட்டிருப்பேன், வாழ்நாளில் எத்தனை நாள் இப்படித் திரும்பத் திரும்ப ஒரே வேலையில் போயிருக்கும் என்று நினைக்கிறான். பிறகு வேறொன்று தோன்றுகிறது: ஒருவேளை இதுதான் என் வாழ்க்கையோ, மற்றதெல்லாம்தான் எப்போதாவது நடப்பதோ? இந்தக் காட்சியில் நிகழ்ச்சி என்று எதுவுமே இல்லை. ஆனாலும் மனச்சோர்வின் அடிச்சுவை முழுக்க இதில் இருக்கிறது. ஒரு நடிகர் இதையே செய்தால் நாம் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்போம், எப்படி நடிக்கிறார் என்று. பில்லின் முகத்தில் பார்க்க எதுவும் இல்லாததால் நாமும் சாவியைப் பார்க்கிறோம்.

பில்லின் மனநிலையைப் படத்தின் வடிவமே சொல்கிறது. இங்கே மூன்று உத்திகளைக் கவனிக்கலாம்.

1. கறுப்புத் திரையில் ஓட்டைகள். காட்சி திரை முழுவதும் வருவதில்லை. இருட்டின் நடுவே சின்னச் சின்னத் திறப்புகளில், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று காட்சிகள் ஓடுகின்றன. ஒன்றில் பேருந்து, ஒன்றில் யாரோ பேசுவது, ஒன்றில் ஒரு பழைய நினைவு. கவனம் எதிலும் நிலைக்காத மனத்தின் வரைபடம் அது. ஓட்டைகளைச் சுற்றியுள்ள கறுப்பும் சும்மா இல்லை. மறந்துபோனது எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

2. திரும்ப நிகழ்தல். மூன்றாம் பகுதியில் பில் நடக்கக் கிளம்புகிறான். நாள் அழகாக இருக்கிறது. வீடு திரும்புகிறான், போய்வந்ததே மறந்துவிடுகிறது, மறுபடி கிளம்புகிறான். முதல் முறை நமக்குச் சிரிப்பு வருகிறது. அடுத்த முறை வயிற்றில் ஏதோ பிசைகிறது. நினைவிழப்பை யாரும் விளக்கவில்லை. அதன் உள்ளே நம்மையும் ஒரு சுற்று நடக்கவிட்டார்கள்.

3. பின்னணிக் குரல். பில் ஏறக்குறையப் பேசுவதே இல்லை. ஹெர்ட்ஸ்ஃபெல்ட் தன் சொந்தக் குரலில், படர்க்கையில், 'அவன் போனான், அவன் நினைத்தான்' என்று சொல்லிக்கொண்டு போகிறார். மளிகைக் கடையில் பழம் எடுப்பதும் மருத்துவர் சொல்லும் கெட்ட செய்தியும் ஒரே தொனியில் வருகின்றன. இரக்கப்படச் சொல்லி அந்தக் குரல் ஒரு முறைகூடக் கேட்பதில்லை. இரக்கப்படுகிற வேலை முழுவதும் நம்மிடம் வந்துசேர்கிறது.

இரண்டாம் பகுதி குடும்பத்தின் முந்தைய தலைமுறைகளுக்குப் போகிறது. மனக்கலக்கமும் விபரீதச் சாவுகளும் தொடரும் குடும்பம் அது. தாய் இறந்த பிறகு அவளுடைய பொருள்களுக்கு நடுவே, மகனுக்காக அவள் தன் கையெழுத்தை அழகாக்கிக்கொள்ளப் பழகிய தாள் பில் கையில் கிடைக்கிறது. குச்சியால் வரைந்த ஒரு தாய், திரையில் வந்ததே சில நிமிடம். அந்தத் தாள் தரும் வலியை நுணுக்கமாக வரைந்த எந்த முகமும் தந்திருக்காது. பார்ப்பவர் ஒவ்வொருவரும் தன் வீட்டிலுள்ள கையெழுத்து ஒன்றை அங்கே வைத்துப் பார்த்துவிடுகிறார்.

குறைத்தது எதை, குறைக்காதது எதை

இங்கேதான் பலரும் தவறான முடிவுக்கு வருகிறார்கள். எளிமையாக வரைந்தாலே உருக்கம் வந்துவிடும் என்று எடுத்துக்கொண்டு, இணையத்தில் எத்தனையோ விழிப்புணர்வுக் காணொளிகள் குச்சி உருவங்களோடு வந்துவிட்டன. பெரும்பாலானவை மனத்தில் நிற்பதில்லை. ஏன் என்று பார்த்தால் பில்லின் படம் எளிமையாக இருப்பது ஓர் இடத்தில் மட்டும்தான், அவன் உடலில். மற்ற எல்லா இடத்திலும் அது நிறைந்து வழிகிறது.

ஹெர்ட்ஸ்ஃபெல்ட் இந்தப் படத்தைக் கணினியில் செய்யவில்லை. தாளில் வரைந்து, 1940களில் தயாரான 35 மி.மீ. அனிமேஷன் கேமராவில் பிரேம் பிரேமாக எடுத்தார். கணக்குப் பார்த்தால் 62 நிமிடத்துக்கு 89,280 பிரேம். கறுப்புத் திரையில் தெரியும் அந்த ஓட்டைகளுக்கு, அதே பிலிம் துண்டைப் பின்னோக்கிச் சுற்றி, திரையின் வேறொரு பகுதியை மட்டும் திறந்து மறுபடி எடுக்க வேண்டும். ஓர் ஓட்டை பிசகினால் அந்தத் துண்டு முழுவதும் வீண். தானே இயக்கி, வரைந்து, படம்பிடித்து, குரலும் கொடுத்த ஒருவரின் உழைப்பு இது.

ஒலியும் அப்படித்தான். போக்குவரத்து இரைச்சல், காற்று, தொலைபேசி, மேற்கத்தியச் செவ்வியல் இசை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, சில இடங்களில் காதைப் பொத்திக்கொள்ளலாம் போல ஆகிவிடுகிறது. உருவம் வெறுமை, சூழல் மூச்சுமுட்டல். தனக்குள் ஒன்றுமே இல்லை என்று உணரும் ஒருவர்மேல் உலகம் முழுச் சத்தத்தோடு வந்து விழுவது எப்படியிருக்கும் என்பதை இந்த முரண் காட்டிவிடுகிறது.

கடைசிப் பகுதியில் இன்னொரு கதவு திறக்கிறது. அதிக நாள் இல்லை என்று தெரிந்த பிறகு பில் சுற்றியுள்ளதைக் கவனிக்கத் தொடங்குகிறான். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடாக இருந்த உலகில், கேமராவில் எடுத்த நிஜ மரங்களும் ஒளியும் வண்ணத்தோடு வருகின்றன. அதுவரை படம் வண்ணத்தைப் பெரும்பாலும் சேமித்து வைத்திருந்தது இதற்காகத்தான். முதலிலிருந்தே எல்லாம் வண்ணமாக இருந்திருந்தால் ஒரு மரத்தைக் கண்டு யாருக்கும் தொண்டை அடைக்காது.

இந்த முறைக்கு எல்லைகள் உண்டு

1. உருவகம் நோயை வெளியே தள்ளிவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2012இல் எழுத்தாளரும் ஓவியருமான மேத்யூ ஜான்ஸ்டோனுடன் சேர்ந்து வெளியிட்ட காணொளியில் மனச்சோர்வு ஒரு கறுப்பு நாய். எளிய சித்திரம், தெளிவான செய்தி; உதவி கேட்கப் பலருக்கு அது ஒரு சொல்லைக் கொடுத்தது, அதன் பயனைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் நாய் என்றதும் அது என்னிலிருந்து பிரிந்த ஒன்றாகிவிடுகிறது, கயிறு கட்டிப் பிடிக்கலாம். எல்லா நோயும் அப்படிப் பிரிந்து நிற்பதில்லை. பில்லின் நோயை அவனிலிருந்து பிரித்துக் காட்ட ஓர் உருவமும் இல்லை.

2. குறைத்துச் சொல்வது ஒன்றே வழி என்றும் கிடையாது. லாட்வியாவில் பிறந்த சிக்னே பௌமானே 2014இல் எடுத்த 'ராக்ஸ் இன் மை பாக்கெட்ஸ்', தன் குடும்பத்துப் பெண்களின் மனச்சோர்வையும் தன்னுடையதையும் பற்றியது. காகிதக் கூழில் செய்த பின்னணிகள், உருவகத்தின்மேல் உருவகம், ஓயாமல் பேசும் அவருடைய சொந்தக் குரல் என்று அது பில்லின் படத்துக்கு நேர் எதிர். அதுவும் வலிமையானதே. இரண்டுக்கும் பொதுவானது, நோயை உள்ளிருந்து சொல்லும் நேர்மை.

3. குச்சி மனிதன் எல்லோருக்கும் பொது என்பதையும் அளவோடுதான் ஏற்க வேண்டும். பில்லுக்குத் தனி வீடு இருக்கிறது, போக மருத்துவமனை இருக்கிறது. அவனுடைய தனிமை அமெரிக்க நகரத்தின் தனிமை. கூட்டுக் குடும்பத்தில், ஒளிந்து அழக்கூட அறை இல்லாத வீட்டில் நோயோடு இருப்பவரின் கதை வேறு. அதே கோட்டால் அதை இன்னொருவர் வரைய வேண்டும்.

கடைசிக் காட்சி

பில் தன் தந்தையை ஒரு முதியோர் இல்லத்தில் கண்டுபிடிக்கிறான். இருவருக்கும் நினைவு சரியில்லை. மன்னித்துவிட்டதாகச் சொல்கிறான். அங்கிருந்து வெகுதூரம் போய் ஒரு மரத்தடியில் படுத்துக்கொள்கிறான். கதை அங்கேயே முடிந்திருக்கலாம்.

அதுவரை ஒரே தொனியில் பேசிவந்த பின்னணிக் குரல் அந்த இடத்தில் உடைகிறது. இல்லை, அவன் சாகக் கூடாது என்று மறுக்கிறது. மறுத்துவிட்டு அவனை எழுப்பி நடக்கவிடுகிறது. அவன் உலகமெல்லாம் சுற்றுகிறான், எல்லா மொழியும் கற்கிறான், நூற்றாண்டுகள் கடக்கின்றன, மனித இனமே மறைந்த பிறகும் இருக்கிறான்.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். சாகும் மூளை தனக்குத் தானே காட்டிக்கொள்ளும் கடைசித் தோற்றம் இது என்பது ஒன்று. கதைசொல்லி தான் வரைந்தவனை விட மனமில்லாமல் செய்த செயல் என்பது இன்னொன்று. நான் இரண்டாவதன் பக்கம். அறுபது நிமிடமாக இரக்கமே காட்டாதது போலப் பேசிவந்த குரல் அது. நோயுற்ற ஒருவருக்கு அருகில் இருந்தவர்களுக்கு அந்தக் குரலைத் தெரியும். மருந்து வேளை, பரிசோதனை முடிவு, அடுத்த மருத்துவமனை நாள் என்று எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லிவந்து, கடைசி நாளில் மட்டும் வேறு மாதிரி ஆகிவிடும் குரல்.

திரையில் பில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு இருக்கிறான். அதே வட்டத் தலை, அதே இரண்டு புள்ளி, அதே தொப்பி. வானத்தில் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக அணைகின்றன.